பத்தாயிரம் லூமனும் ஒரு பக்கெட் தண்ணீரும்

வீட்டில் டார்ச் லைட் என்பது கரண்ட் இருக்கும்போது மட்டும் கண்ணில் படுகிற பொருள். கரண்ட் போனதும் தேடினால் கிடைக்காது. கிடைத்தால் செல் இருக்காது. செல் இருந்தால் அது போன ஆடியிலேயே கசிந்து ஸ்பிரிங்கோடு ஒட்டிக்கொண்டிருக்கும். 'சரி, மெழுகுவர்த்தியை எடு' என்று விஷயத்தை முடித்துவிடுவோம். கடலுக்கடியில் 15 மீட்டர் ஆழத்தில், ராத்திரி ஏழு மணிக்கு, மெழுகுவர்த்திக்கு வழியில்லை.

இப்போது நம் பையன்கள் வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் பிடித்துப் பாண்டிச்சேரி போய் ஸ்கூபா கற்றுக்கொள்கிறார்கள். லீவு சேர்த்துவைத்து அந்தமான் போகிறார்கள். சர்டிபிகேட் கைக்கு வந்ததுமே ஏதாவது சாமான் வாங்கக் கை துறுதுறுக்கிறது. சிலிண்டர், ஜாக்கெட், ரெகுலேட்டர் எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். வாங்கினால் கடன் வாங்க வேண்டியிருக்கும். ஆகவே முதல் போணி டார்ச்சுக்குத்தான். அதனால்தான் இதில் ஏமாறுகிறவர்களும் அதிகம்.

பகலில் முங்குகிறவனுக்கு டார்ச் எதற்கு என்று கேட்கலாம். தண்ணீர் ஒரு கஞ்சன். வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்தம் செய்யும். முதல் பிடித்தம் சிவப்பில். ஐந்து மீட்டரிலேயே சிவப்பு மங்கத் தொடங்கி, பத்து மீட்டர் தாண்டினால் பேருக்குத்தான் இருக்கும். பிறகு ஆரஞ்சு, அப்புறம் மஞ்சள். இருபது மீட்டருக்குக் கீழே விரலில் கீறிக்கொண்டால் ரத்தம் பச்சையாகத் தெரியும். அங்கே டார்ச்சை அடித்தால், சாம்பல் நிறத்தில் சோகமாக உட்கார்ந்திருந்த பவளப்பாறை திடீரென்று குங்குமச் சிவப்பில் எழுந்திருக்கிறது. பார்த்தவர்கள் டார்ச் இல்லாமல் திரும்ப முங்குவதில்லை.

சரி, கடைக்குப் போவோம். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் இருப்பது லூமன். ஆயிரம், ஐயாயிரம், பத்தாயிரம். வங்கியில் வேலை பார்க்கும் என் நண்பர் ஒருவர் வாங்கி வந்ததில் '10,000 லூமன், 2 மணி நேரம்' என்று போட்டிருந்தது. உள்ளே ஒரே ஒரு பேட்டரி. நான் பி.காம். வரவு செலவு டாலி ஆகாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஒரு பேப்பரை எடுத்தேன்.

செலவு: 10,000 லூமன் வீதம் 2 மணி நேரம். ஆக 20,000 லூமன்-மணி.

வரவு: அந்தப் பேட்டரிக்கு 18650 என்று பெயர். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். அதுதான் பெயர்க் காரணம். நல்ல கம்பெனி தயாரிப்பு என்றால் அதில் 3,500 மில்லி ஆம்பியர்-அவர் பிடிக்கும். (அதே சைஸில் '9,900' என்று அச்சடித்து விற்கிறார்கள். அச்சடிக்கக் காசா பணமா?) 3.6 வோல்ட்டை 3.5-ஆல் பெருக்கினால் 12.6 வாட்-அவர். பிரகாசமாக எரியும்போது ஒரு வாட்டுக்கு நூறு லூமன் கிடைத்தால் எல்.ஈ.டி. ஒழுங்காக உழைக்கிறது என்று அர்த்தம். ஆக மொத்த வரவு 1,260.

வரவு 1,260, செலவு 20,000. இதற்குப் பெயர் டார்ச் இல்லை, சீட்டுக் கம்பெனி.

"நீ கணக்குப் போட்டே ஆளைக் கொல்றே. அடிச்சுப் பாரு, கண்ணு கூசுது" என்றார் நண்பர். கூசத்தான் செய்தது. முதல் நிமிஷத்தில் எல்லா டார்ச்சும் கூசும்.

நேர்மையான கம்பெனிகளின் அட்டையைப் படிப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அமெரிக்காவில் 2009-ல் எஃப்.எல்-1 என்று டார்ச்சுகளுக்கு ஒரு தரவிதி கொண்டுவந்தார்கள். அதன்படி, ஸ்விட்ச் போட்ட 30 விநாடியிலிருந்து 2 நிமிஷத்துக்குள் அளப்பதுதான் லூமன். வெளிச்சம் ஆரம்பத்தில் இருந்ததில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை ஆகிற நேரம்தான் 'எரியும் நேரம்'. அதாவது இருபது நிமிஷம் ஜோராக எரிந்துவிட்டு, மீதி நேரம் அகல் விளக்காக முனகினாலும் அதுவும் கணக்கில் சேரும். எனவே கேட்க வேண்டிய கேள்வி, 'எத்தனை லூமன்?' அல்ல. 'நாற்பதாவது நிமிஷத்தில் எத்தனை லூமன்?' நல்ல தயாரிப்பாளர்கள் இதற்குக் கோடு போட்ட கிராஃபே தருகிறார்கள். கேட்டதும் கடைக்காரர் 'சூப்பர் பீஸ் சார்' என்று பேச்சை மாற்றினால் நீங்களும் பஸ் ஸ்டாண்டுக்கு வழி கேட்டுவிட்டு நகர்ந்துவிடலாம்.

இன்னொன்று, அந்த வெளிச்சம் எப்படிப் பங்கு போடப்படுகிறது என்பது. லூமன் என்பது ஆபீஸின் மொத்தச் சம்பளப் பட்டியல் மாதிரி. எத்தனை பேருக்குப் பிரிக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஆயிரம் லூமனை 120 டிகிரிக்கு விரிப்பதும் 8 டிகிரிக்குள் குவிப்பதும் கணக்குப்படி இருநூறு மடங்கு வித்தியாசம். சிதறல் போக நிஜத்தில் அவ்வளவு வராது. ஆனாலும் பெரிய வித்தியாசம்தான். வீடியோ எடுக்கிறவர்களுக்கு விரிந்த ஒளி வேண்டும். மற்றவர்களுக்கு அது தொல்லை. ஊட்டி மலைப்பாதையில் மூடுபனியில் ஹைபீம் போட்டால் என்ன ஆகும்? பனிதான் தெரியும், ரோடு தெரியாது. கலங்கிய கடலிலும் அதே கதை: மிதக்கும் தூசியெல்லாம் ஒளியை நம் முகத்துக்கே திருப்பி அனுப்பும். குவிந்த ஒளி தூசியை ஊடுருவிப் போகும். போதாததற்கு, தண்ணீருக்கடியில் நம் பாஷையே அந்த ஒளிதான். தரையில் மெதுவாக வட்டம் போட்டால் 'சௌக்கியம்'. வேகவேகமாக இடவலமாக ஆட்டினால் 'ஆபத்து, வா!' விரிந்த ஒளியில் வட்டம் போட்டால் எதிராளிக்கு வட்டமாகவே தெரியாது. என்னைக் கேட்டால், சாதாரண ராத்திரி முங்கலுக்கு ஆயிரம் லூமன், பத்து டிகிரி சுற்றளவு, ஒரு மணி நேரம் மங்காமல் எரிவது. இது போதும்.

நண்பர் விடவில்லை. வாட்டர் ப்ரூஃப் என்று நிரூபிக்க ஒரு பக்கெட்டில் தண்ணீர் பிடித்து டார்ச்சை உள்ளே போட்டார். பத்து நிமிஷம் ஜெகஜ்ஜோதியாக எரிந்தது. அவர் வீட்டுக் குழந்தைகள் கைதட்டினார்கள். பக்கெட்டின் ஆழம் ஒன்றரை அடி.

கடலில் ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. முப்பது மீட்டரில், டார்ச்சின் முகப்பில் ஐந்து சென்டிமீட்டர் விட்டத்துக்குக் கண்ணாடி இருந்தால், அதன் மேல் கிட்டத்தட்ட அறுபது கிலோ பாரம். ஒரு ஆள் அதன் மேல் ஏறி நிற்கிற மாதிரி. 'ஐ.பி.எக்ஸ்-8' என்று போட்டிருந்தால் மட்டும் போதாது. ஒரு மீட்டரை விடக் கடுமையான, கம்பெனி தானே சொல்லிக்கொள்கிற நிபந்தனைக்குத் தாங்கும் என்றுதான் அதற்குப் பொருள். எத்தனை மீட்டர், எவ்வளவு நேரம் என்று தனியாகப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

இந்த அறுபது கிலோவைத் தடுத்து நிறுத்துவது எது? ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம். நம் குக்கர் கேஸ்கட்டின் தம்பி. 1986 ஜனவரி 28-ல் சாலஞ்சர் விண்கலம் வெடித்து ஏழு பேர் பலியானது இந்த ஜாதி வளையம் குளிரில் விறைத்துப்போனதால்தான். டார்ச்சில் ஒரு வளையம் இருப்பதை விட இரண்டு இருப்பது நல்லது. ஒரு தலைமுடி, ஒரு மணல் துகள் அதில் உட்கார்ந்தால் போதும், தண்ணீர் வழி கண்டுபிடித்துவிடும். ஆகவே பேட்டரியை ரூமிலேயே மாற்றிவிடுங்கள். ஆடுகிற படகில், ஈரக் கையோடு வேண்டாம். தயாரிப்பாளர் சொன்ன கிரீஸைத் துளியூண்டு தடவ வேண்டும். தேங்காய் எண்ணெய் தலைக்கு மட்டும். முங்கி வந்ததும் நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் கழுவ வேண்டும்.

உடம்பைத் துளைக்காத காந்த ஸ்விட்ச் உத்தமம். சார்ஜ் போட வெளியே துளை வைத்து ரப்பர் மூடி போட்டதை நான் வாங்க மாட்டேன். பெரிய வெளிச்ச டார்ச்சுகள் தண்ணீரின் குளிர்ச்சியை நம்பிச் செய்யப்பட்டவை. கரையில் எரியவிட்டுப் பெருமையடித்தால் சுட்டுவிடும். விமானத்தில் போகும்போது பேட்டரியைக் கழற்றி, சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் கைப்பையில் வையுங்கள். பெட்டிக்குள் போட்டால் ஏர்போர்ட்டில் உங்கள் பெயரை மைக்கில் கூப்பிடுவார்கள்.

அப்புறம், எவ்வளவு நல்ல டார்ச்சாக இருந்தாலும் இரண்டாவது ஒன்று சட்டைப்பை சைஸிலாவது வேண்டும். நீர்க்குகைகளில் முங்குகிறவர்களுக்கு மூன்று. ஷெக் எக்ஸ்லி என்கிற அமெரிக்கர், குகைகளில் இறந்துபோனவர்களின் விபத்துகளை ஒவ்வொன்றாக அலசி 1979-ல் ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். ஒரு ஆள், மூன்று விளக்கு என்பது அதில் உள்ள பாடம். செத்தவர்களைக் கேட்டு எழுதிய விதி. அதனால் அதில் நான் பேரம் பேசுவதில்லை.

நண்பரும் நானும் ஹாவ்லக் போயிருந்தோம். (2018-லிருந்து ஸ்வராஜ் த்வீப்.) எங்களைக் கூட்டிப் போன பையனுக்குத் தூத்துக்குடிப் பக்கம். நண்பரின் டார்ச்சைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல், "அண்ணே, இதையும் பையில வச்சுக்கிடுங்க" என்று தன்னுடைய பழைய சின்ன டார்ச் ஒன்றைக் கொடுத்தான்.

பன்னிரண்டு மீட்டரில், பதினெட்டாவது நிமிஷம், பத்தாயிரம் லூமன் ஒரு பீடி நெருப்பாகி அணைந்தது. பையன் கட்டை விரலை உயர்த்தினான். ஸ்கூபாவில் அதற்கு 'பிரமாதம்' என்று பொருள் இல்லை. 'மேலே போகலாம்' என்று பொருள். நண்பர் சின்ன டார்ச்சோடு நடுவில் வர, நான்கு பேரும் மேலே வந்தோம். சென்னையிலிருந்து விமானம், கப்பல், படகு என்று செலவழித்து வந்த நாலு பேரின் ராத்திரி அத்தோடு சரி. யாரும் அவரைத் திட்டவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

மறுநாள் கடையில் ஒரு கனமான டார்ச்சை வாடகைக்கு எடுத்துக்கொண்டார். அன்றைக்குக் கடல் தாராளமாக இருந்தது. கிளிமீன் ஒன்று தன்னைச் சுற்றிக் கண்ணாடி மாதிரி ஒரு சளிப் போர்வை நெய்துகொண்டு உள்ளே தூங்கியது. கடைசியில் மணல் தரையில் எல்லோரையும் மண்டிபோடச் சொன்னான் பையன். டார்ச்சுகளை மார்போடு அணைத்து மூடச் சொன்னான். ஒன்றும் தெரியாத கறுப்பு. கையை ஆட்டினால் விரல் நுனிகளிலிருந்து நீலப் பொறிகள் தெறித்தன. கடலில் மிதக்கிற நுண்ணுயிர்களின் வெளிச்சம் அது, தொட்டால் மினுங்கும்.

இன்னும் அதிகம் மினுங்கியிருக்கும். நண்பர் மட்டும் தன் டார்ச்சை மூட மறுத்துவிட்டார்.