கொச்சிக்காய்த் தூளும் ‘படிக்கிற பிள்ளை’யும்

“நீ படிக்கிற பிள்ளை. உனக்கேன் குசினி வேலை?”

உயர்தரம் படிக்கும் எங்களில் இந்த வார்த்தையைக் கேட்காதவர்கள் குறைவு. தேநீர் மேசைக்கு வரும். சாப்பிட்ட பீங்கான் தானாக மறையும். பரீட்சை நெருங்க நெருங்க நாங்கள் சொந்த வீட்டிலேயே விருந்தாளிகளாகி விடுகிறோம். இது பெற்றோரின் பாசம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாசத்துக்குள் ஒரு பிழை இருக்கிறது. அதைச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன். அந்தப் பிழையை எனக்குக் காட்டியது ஒரு கிலோ செத்தல் கொச்சிக்காய்.

கடந்த ஆகஸ்ட் விடுமுறையில் உம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டில் வெடிப்பு, ஆறு கிழமை பிளாஸ்டர். சமையலுக்குப் பக்கத்து வளவிலிருந்து சாச்சி வந்து உதவினார். ஆனால் கொச்சிக்காய்த் தூள் முடிந்துவிட்டது. எங்கள் வீட்டில் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை உம்மாதான் கொச்சிக்காயைக் காயவைத்து, வறுத்து, மில்லுக்கு அனுப்பி அரைப்பிப்பார். வாப்பா கடையில் ஒரு பாக்கெட் வாங்கி வந்தார். அதில் ஆக்கிய கறியை உம்மும்மா ஒரு பிடி தின்றுவிட்டுச் சொன்னார்: “கலர் இரிக்கி. கொச்சிக்காயத்தான் காணல்ல.”

நான் செய்கிறேன் என்றேன். உடனே உம்மா மேலே எழுதிய அந்த வார்த்தையைச் சொன்னார். அதே நேரம் முன் மண்டபத்தில் காக்கா கையில் போனுடன் படுத்திருந்தார். அவர் உயர்தரப் பரீட்சை எழுதி முடித்து, பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருப்பவர். படிக்கவும் இல்லை, வேலைக்குப் போகவும் இல்லை. அவரைப் பார்த்து யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவுமில்லை. எனக்கும்கூட அன்றுதான் தோன்றியது.

“காக்கா, நீங்களும் வாங்க” என்று இழுத்துக்கொண்டு போனேன். பகிடிக்காகத்தான் வந்தார்.

முதல் வேலை காம்பு கிள்ளுவது. உம்மும்மாவுக்குக் கண் பார்வை மங்கல். ஆனால் ஒவ்வொரு கொச்சிக்காயையும் விரலால் உருட்டி, மூக்கருகே கொண்டுபோய், சிலவற்றைத் தூர வீசினார். வீசியதை எடுத்துப் பார்த்தேன். தோல் வெளுத்து, உள்ளே சாம்பல் நிறத்தில் பூஞ்சணம். விற்கிற விலைக்கு இப்படி வீசுகிறாரே என்று மனதுக்குள் கணக்குப் பார்த்தேன். பிறகு புத்தகத்தைப் புரட்டியபோதுதான் விளங்கியது. சரியாகக் காயாத கொச்சிக்காயில் வளரும் சில பங்கசுகள் அப்ளாடொக்சின் என்ற நஞ்சை உண்டாக்கக் கூடியவை. ஈரலைத் தாக்கும் அந்த நஞ்சு, சமைக்கிற சூட்டில் முற்றாக அழிவதுமில்லை. உம்மும்மாவுக்கு அந்தப் பெயர் தெரியாது. வீச வேண்டும் என்பது தெரியும்.

இரண்டு நாள் முற்றத்தில் பாய் விரித்துக் காயவைத்தோம். கச்சான் காற்று பாயைச் சுருட்டிக்கொண்டு போகப் பார்த்தது. கோழிகளை விரட்டுவது காக்காவின் பொறுப்பு. உறைப்பான விதையை அவை எப்படித்தான் கொத்தித் தின்கின்றன என்று அவர் அதிசயித்தார். பறவைகளுக்கு அந்த உறைப்பு உறைப்பதில்லை. காடுகளில் கொச்சிக்காய் விதையைப் பரப்புவதே பறவைகள்தான். விலங்கியல் பாடத்தில் நான் அக்கறையாகக் கேட்ட மிகச் சில விடயங்களில் இது ஒன்று.

மூன்றாம் நாள் வறுத்தோம். அன்றுதான் அநியாயம் நடந்தது. தணலில் மெதுவாக வறுக்க வேண்டியதை, நேரம் போகிறதே என்று காஸ் அடுப்பைக் கூட்டி வைத்தேன். ஐந்து நிமிடத்தில் தாச்சியில் பாதி கறுத்துவிட்டது. புகை வீடு முழுக்க ஏறி, உம்மா ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம், வேலிக்கு அப்பால் சாச்சி ஒரு பக்கமாக இருமினார்கள். உம்மும்மா அறைக்குள் இருந்தபடியே, “உப்பு ஒரு பிடி போடு புள்ள, அடுப்பத் தணி” என்று கத்தினார். நானும் காக்காவும் தும்மிய தும்மலில் அகப்பையைப் பிடிக்க ஆளில்லை.

அப்போது அஸர் தொழுதுவிட்டு வந்த வாப்பா குசினி வாசலில் நின்றார். “தீ கூடிட்டு. கறுத்தாக் கசக்கும்” என்று சொல்லி, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே வந்தார். தாச்சியை இறக்கினார். கறுத்ததை ஒதுக்கினார். மிச்சத்தைப் போட்டு, கறிவேப்பிலையும் சேர்த்து, அகப்பையை நிறுத்தாமல் கிண்டினார். கொச்சிக்காய் சலசலவென்று சத்தம் போடும் பதத்தில் இறக்கினார். கைக்குப் பழகிய வேலை என்பது பார்த்ததுமே தெரிந்தது.

“எங்க வாப்பா பழகின?” என்று கேட்டேன்.

“சவூதியில. ரூம்ல ஆறு பேர். அஞ்சு வருஷம் நான்தான் ஆக்கின.”

வாசலில் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்ற உம்மா ஒன்றே ஒன்று சொன்னார்: “வந்து பதினொரு வருஷம்.”

யாரும் பதில் பேசவில்லை. நான் இந்தக் கட்டுரையை எழுதுவதற்கு அந்த மூன்று சொற்கள்தான் காரணம். எங்கள் ஊரில் எத்தனையோ வாப்பாமார் கட்டாரிலும் சவூதியிலும் சோறாக்கி, கறி வைத்து, கோப்பை கழுவியிருக்கிறார்கள். அங்கே அது யாருடைய ஆண்மைக்கும் குறைவாக இருக்கவில்லை. விமானம் இறங்கியதும் அந்தத் திறமை எங்கே போகிறது?

வறுத்து முடிந்த பிறகுதான் கை எரியத் தொடங்கியது. சவர்க்காரம் போட்டேன், குழாயடியில் கால்மணி நேரம் பிடித்தேன். குறைந்தபாடில்லை. உம்மும்மா, “தண்ணியில போகாது. தேங்காயெண்ணெய் பூசித் தேய்ச்சிட்டுக் கழுவு” என்றார். எரிச்சல் பெரும்பாலும் அடங்கிவிட்டது. வெட்கமாக இருந்தது. முனைவற்ற பதார்த்தம் முனைவற்ற கரைப்பானில் கரையும் என்று டியூட்டில் கோடு போட்டுப் பாடமாக்கியவள் நான். கொச்சிக்காயின் உறைப்புக்குக் காரணமான கப்சைசின் நீரில் கரைவது மிகவும் குறைவு, எண்ணெயில் நன்றாகக் கரையும் என்பதும் தெரியும். வினாத்தாளில் வந்திருந்தால் முழுப் புள்ளி. கையில் வந்தபோது முட்டை. (கண்ணில் பட்டால் எண்ணெய் விட வேண்டாம். நிறையத் தண்ணீரால் தொடர்ந்து கழுவி, குறையாவிட்டால் வைத்தியரிடம் போக வேண்டும்.)

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாங்கள் கொச்சிக்காயைக் கடித்துவிட்டு “எரியுது” என்கிறோமே, அது வெறும் உவமையல்ல. சூட்டை உணரும் நரம்பு முனைகளில் உள்ள ஒரு வாங்கியைத்தான் கப்சைசின் தூண்டுகிறது. ஏறத்தாழ 43 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டில் விழித்துக்கொள்ளும் அதே வாங்கி. அதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021 இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அவர் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டது இந்தக் கொச்சிக்காயின் கப்சைசினைத்தான். எங்கள் உம்மாமாரின் கை முப்பது வருடமாக எரிந்துகொண்டிருந்தும், ஏன் எரிகிறது என்று அவர்களிடம் யாரும் கேட்டதில்லை. அவர்களும் கேட்கலாம் என்று யாரும் சொல்லவுமில்லை.

மில்லில் மா அரைக்கும் இயந்திரம் வேறு, கொச்சிக்காய் அரைப்பது வேறு. அந்த மூலையில் இரண்டு நிமிடம் நின்றால் போதும், அங்கே நாள் முழுக்க நிற்கும் மனிதர் மேல் மரியாதை வந்துவிடும். தூள் சூடாக வந்தது. சூட்டோடு போத்தலில் அடைக்கப் போனேன். உம்மும்மா கையைப் பிடித்து நிறுத்தி, கடதாசியில் பரப்பி ஆறவிடச் சொன்னார். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துக் கட்டி பிடிக்குமாம், பிறகு பூஞ்சணம். காம்பும் கெட்டதும் போய், காய்ந்து, வறுபட்டு, ஒரு கிலோவில் எண்ணூறு கிராம் அளவில் தேறியது.

தூள் நன்றாக வந்ததா? இல்லை. வாப்பா ஒதுக்கிய கறுத்த கொச்சிக்காயை வீச மனமில்லாமல் நான் களவாகச் சேர்த்துவிட்டேன். முதல் நாள் மீன் கறி கசந்தது. எல்லோரும் சாப்பிட்டார்கள். வாப்பா மூன்று கிளாஸ் தண்ணீர் குடித்தார். “கொச்சிக்கா இரிக்கி” என்று மட்டும் உம்மும்மா சொன்னார். அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

அன்றிரவு உம்மாவிடம் கேட்டேன், ஏன் என்னைக் குசினிக்குள் விடுவதில்லை என்று. உம்மா சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்தவர். அந்த நேரம் உம்மும்மா சுகமில்லாமல் விழ, வீட்டில் மூத்த பெண் என்று குசினியை அவர் கையில் கொடுத்தார்கள். இரண்டு மாதத்துக்கு என்றுதான் கொடுத்தார்களாம். “எனக்குப் புத்தகத்த வாங்கிட்டு அகப்பையத் தந்தாங்க மகள். உன்ட கையில அத நான் தரமாட்டன்.”

இதற்கு நான் என்ன பதில் சொல்ல? உம்மாவின் பயம் பொய்யல்ல. குசினி எத்தனையோ பெண் பிள்ளைகளின் படிப்பை விழுங்கியிருக்கிறது. ஆனாலும் உம்மாவோடு நான் இணங்கவில்லை, மரியாதையோடுதான் சொல்கிறேன். அவரது படிப்பை நிறுத்தியது அகப்பையல்ல. அந்த அகப்பையைப் பிடிக்க வீட்டில் வேறு கையே இல்லை என்று எல்லோரும் முடிவு செய்ததுதான். அப்போது எங்கள் மாமாமார் இருவர் வீட்டில் இருந்தார்கள். இன்று என்னை வெளியே வைத்துக் காப்பாற்றுவதால் அந்த முடிவு மாறவில்லை. உம்மாவின் கை உடையும்வரை அது அப்படியே இருந்தது, உடைந்ததும் சாச்சியின் கைக்குப் போனது. இன்னொரு பெண்ணின் கைக்கு.

“படிக்கிற பிள்ளைக்கு இது வேண்டாம்” என்று சொல்லும்போது, படிக்காதவர் செய்வது இது என்றும் நாங்கள் கேட்கிறோம். பெற்றோர் அப்படி நினைத்துச் சொல்வதில்லை. ஆனால் பதினேழு வயதுக் காதில் அப்படித்தான் விழுகிறது. நான் கறியைக் குறை சொன்ன நாட்களை நினைத்துப் பார்க்கிறேன். கெட்ட கொச்சிக்காயை விரலால் கண்டுபிடிக்கிற அறிவுக்கு நான் எத்தனை புள்ளி கொடுத்திருந்தேன்?

பாக்கெட் தூள் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று சில தோழியர் கேட்பார்கள். வேலைக்குப் போகும் தாய் பாக்கெட் வாங்குவதில் ஒரு குறையுமில்லை. எல்லாரும் உரலுக்குத் திரும்புங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. உரலில் இடித்த காலத்தின் இடுப்பு வலியை உம்மும்மாவிடம் கேட்டால் தெரியும். ஆனால் ஒரு தடவையாவது செய்து பார்த்தவருக்குத்தான் வாங்குவதில் நல்லது எது, கெட்டது எது என்று தெரியும். 2005 இல் பிரித்தானியாவில் நூற்றுக்கணக்கான உணவுப் பொருட்களைக் கடைகளிலிருந்து திருப்பி எடுக்க வேண்டி வந்தது. கொச்சிக்காய்த் தூளில் சூடான் 1 என்ற தொழிற்சாலைச் சாயம் கலந்திருந்ததே காரணம். நிறத்தைப் பார்த்து வாங்குகிறவர்களை ஏமாற்றுவது எளிது. “கலர் இரிக்கி” என்ற உம்மும்மாவின் நாக்கை ஏமாற்றுவது அவ்வளவு எளிதல்ல.

ஆண் பிள்ளைகள் குசினிக்குள் வருவது எங்கள் வழக்கமில்லை என்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். கொச்சிக்காயே எங்கள் வழக்கமாக இருக்கவில்லை. அமெரிக்கக் கண்டங்களில் விளைந்த அதைப் போர்த்துக்கேயர்தான் இந்தப் பக்கம் கொண்டுவந்தார்கள். அதற்கு முன் கறிக்கு உறைப்புத் தந்தது மிளகு. ‘குசினி’ என்ற சொல்லும் போர்த்துக்கேயச் சொல்தான். காயும் சொல்லும் கப்பலேறி வந்து வழக்கமாக முடியுமென்றால், காக்கா மண்டபத்திலிருந்து குசினிக்குப் பதினைந்தடி நடந்து வர முடியாதா? நபி (ஸல்) அவர்கள் வீட்டில் குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் எழுந்து செல்வார்கள் என்று ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்தது புகாரியில் இருக்கிறது. மத்ரஸாவில் நாங்களும் படித்தோம், எங்கள் காக்காமாரும் படித்தார்கள்.

எனவே பெற்றோரிடம் நான் கேட்பது பெரிய விடயமல்ல. எங்களை விருந்தாளியாக்க வேண்டாம். எங்கள் சகோதரர்களையும் வேண்டாம். கணக்குப் பார்த்தேன். காம்பு கிள்ளியது, காயவைத்தது, வறுத்தது, மில்லுக்குப் போனது எல்லாம் சேர்த்து எனக்கு ஆறு மணித்தியாலம் போனது. மூன்று மாதத்தில் ஆறு மணித்தியாலம். அதைவிடக் கூடுதலாக நான் போனில் வீணாக்குகிறேன் என்பது உம்மாவுக்கும் தெரியும். ஒருவரே செய்தால்தான் அது ஒரு ஆயுளை எடுக்கிறது.

இப்போது போத்தலின் அடி தெரியத் தொடங்கிவிட்டது. உம்மாவின் கை சுகமாகிவிட்டது, ஆனால் பாரம் தூக்கினால் இன்னும் வலிக்கிறது. மாரி தொடங்கிவிட்டதால் முற்றத்தில் வெயிலுமில்லை. வெயில் கிடைக்கும் நாளில் பாய் விரிப்பது என் வேலை. காம்பு கிள்ள வருவதாகக் காக்கா சொல்லியிருக்கிறார், கையுறை வாங்கித் தந்தால் மட்டும். தாச்சியைத் தான் பார்த்துக்கொள்வதாக வாப்பா சொன்னார். உம்மா இன்னும் சம்மதிக்கவில்லை. பௌதிகவியல் பாஸ்ட் பேப்பரை முடித்துவிட்டாயா என்றுதான் கேட்கிறார்.