கீரைக்கும் ஒரு கூப்பன்

வத்தேகமச் சந்தையிலே போஞ்சியும் கறிமிளகாயும் வல்லாரையும் பொன்னாங்காணியும் பச்சைப் பசேலென்று குவிந்து கிடக்கின்றன. ஆயினும், பன்வில, மடுல்கலைத் தோட்டப் பகுதிகளிலிருந்து சம்பளப் பணத்துடன் வரும் தாயொருத்தி முதலில் வாங்குபவை எவை? அரிசி, மா, பருப்பு, சீனி ஆகியவையே. இவை போக மிஞ்சும் சில்லறைதான் காய்கறிக்கு. அதுவும் மிஞ்சாத வாரத்தில் குழந்தைகளின் உணவு சோறும் சம்பலுமாகச் சுருங்கிவிடுகின்றது.

இதனை அறியாமை என்று கூறுதல் தகாது. 2022ஆம் ஆண்டு செப்டெம்பரில் உணவுப் பொருள்களின் விலை ஓராண்டுக்கு முன்னிருந்ததைப்போல் ஏறத்தாழ இரு மடங்காயிற்று. அந்நிலையில், முதலில் வயிற்றை நிரப்புவதே தாயின் கடமையாகின்றது.

ஏழைக்கு உணவுதவி அளிப்பது நம் நாட்டுக்குப் புதிதன்று. 1942இல் பங்கீடு தொடங்கியது. கூப்பன் அரிசியைப் பெரியோர் இன்றும் நினைவுகூர்வர். 1979இல் பங்கீட்டுக்குப் பதிலாக உணவு முத்திரைகள் வந்தன. அரிசி, மா, பாண், சீனி, கருவாடு, பருப்பு வகை, பால்மா ஆகியவற்றை அவற்றால் பெறலாம். பசுங்காய்கறிக்கோ அப்பட்டியலில் இடமில்லை. 2023இல் தொடங்கிய அஸ்வெசும உதவி பணமாகவே வழங்கப்படுகின்றது. பணம் நல்லதே; ஆனால் கடனும் அரிசியும் அதனை முந்திக்கொள்கின்றன.

இதற்கு ஒரு வழியை அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரம் 2009இல் காட்டியது. உணவுதவி பெறும் குடும்பம் விவசாயிகள் சந்தையில் அந்த உதவியிலிருந்து ஒரு டொலர் செலவிட்டால், பழமும் காய்கறியும் வாங்குவதற்கென்றே இன்னொரு டொலர் கிடைத்தது. நம் மாணவர்கள் இதனைக் கணக்காகப் போட்டுப் பார்க்கட்டும். தாய் 200 ரூபாய் கொடுக்கிறாள். கூப்பன் 200 ரூபாய் சேர்க்கின்றது. வீட்டுக்கு 400 ரூபாய்க் காய்கறி வருகின்றது. தோட்டக்காரர் கையிலும் 400 ரூபாய் சேருகின்றது. ஓர் உதவியால் இரு குடும்பங்கள் பயனடைகின்றன அன்றோ?

"சலுகை ஏழைக்கு, இலாபம் தரகருக்கு என்றாகிவிடாதா?" என்று சிலர் வினவக்கூடும். நியாயமான ஐயமே. தமிழ்நாட்டில் 1999 நவம்பர் 14இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை இதற்கு விடை கூறுகின்றது. அங்கே விளைவித்தவருக்கே அடையாள அட்டை. அட்டை உள்ளவருக்கே கடை. தராசு இலவசமாகத் தரப்பட்டது. மொத்த விலைக்கு மேலும் சில்லறை விலைக்குக் கீழுமாக அன்றன்றைய விலை பலகையில் எழுதப்பட்டது. எனினும், விலை குறைந்தபோதும் வாங்கக் காசில்லாதவருக்கு அது போதாது. ஆதலால் மதுரையின் அட்டையும் டெட்ராய்ட்டின் கூப்பனும் ஒருங்கே வேண்டும்.

பெருந்திட்டத்துக்குக் காத்திருத்தல் வேண்டா. நகர சபையும் கூட்டுறவுச் சங்கமும் முன்வந்து, கர்ப்பிணித் தாய்மாருக்கும் சிறு குழந்தைகள் உள்ள வறிய வீடுகளுக்கும் முதலில் இதனை வழங்கலாம். ஆறு மாதம் நடத்திக் கணக்குப் பார்க்கட்டும். கூப்பனின் மதிப்பும் விலைவாசியோடு உயர்தல் அவசியம். 1979இன் முத்திரைகள் விலையேற்றத்தால் சில ஆண்டுகளிலேயே மதிப்பிழந்ததை நாம் மறத்தலாகாது.

மாலையில் விலைபோகாது வாடிய கீரை ஒருபுறமும், கீரையின்றி உண்ணும் குழந்தை மறுபுறமுமாக இருப்பது ஊருக்கு அழகன்று. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் சில ரூபாய்களே.