உரத்த குரலின் காரணம்

மயிலாப்பூர், தியாகராய நகர் சபாக்களில் அரங்கேறும் நகைச்சுவை நாடகங்களில் பழைய நாடக நடிகர் ஒருவர் பாத்திரமாக வந்தால், அவர் எப்படி இருப்பார் என்பது அவையினருக்கு முன்பே தெரியும். மங்கிய சரிகை அங்கி, ஒட்டாத மீசை, கூரையைத் துளைக்கும் குரல். தண்ணீர் கேட்பதற்கும் ஒரு பாட்டு. அவர் வாய் திறக்குமுன் சிரிப்பு எழுந்துவிடுகிறது.

அக்குரல் உயர்ந்தது ஏன் என்று சிரிப்பவர் எண்ணுவதில்லை. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) நாடகங்களை இயற்றிய காலத்தில் மேடையில் ஒலிவாங்கி கிடையாது. கொட்டகையின் கடைக்கோடியில் தரையில் அமர்ந்தவருக்கும் சொல் தெளிவாகக் கேட்க வேண்டும். மங்கிய விளக்கொளியில் புருவத்தின் சிறு நெளிவு தெரியாது. ஆகவே கண்மை தடித்தது, கையசைவு பெரிதாயிற்று. உச்ச சுருதியில் எஸ். ஜி. கிட்டப்பா பாடியதும் அத்தகைய மேடைகளில்தான். இன்று கேலி செய்பவரோ ஒலிவாங்கியின் துணையோடு அக்குரலைப் போலி செய்கிறார்!

கேலியே கூடாது என்பதன்று. தெருக்கூத்தின் கட்டியங்காரனும் இசை நாடகத்தின் பபூனும் அரசனையே எள்ளி நகையாடியவர்கள். ஆனால் அவர்கள் அரசன் பாடும் சுருதியை அறிந்தவர்கள். அதே மேடையில் விடியும்வரை நின்றவர்கள்.

தி. க. சண்முகம் 1918-இல், ஆறு வயதில், சுவாமிகளின் நாடகக் குழுவில் சேர்ந்தவர். பின்னாளில், நரை தோன்றாத வயதிலேயே, கூன் விழுந்த மூதாட்டியாக நடித்து ‘அவ்வை சண்முகம்’ ஆனார். அவரது குழுவில் சிறுவயதில் பயின்ற கமல்ஹாசன், 1996-இல் ‘அவ்வை சண்முகி’ திரைப்படத்தில் முதிய பெண்ணாக வேடமிட்டார். கிரேசி மோகனின் உரையாடலில் அரங்கம் சிரித்தது. ஆயினும் அங்கே நகைப்புக்குரியவர் வேடத்தை நம்பி ஏமாறுபவரே. வேடம் புனையும் கலை அன்று. பயின்றவர் செய்யும் கேலிக்கும் பயிலாதவர் செய்யும் கேலிக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

நாடகம் நிகழும்போதே கரைந்துவிடும் கலை. முதல் உருவைக் கண்டவர் மறைந்தபின், கேலிச்சித்திரமே முதல் உருவாகிவிடுகிறது. சென்னையில் கோபாலபுரத்தை ஒட்டிச் செல்லும் சாலைக்கு அவ்வை சண்முகம் சாலை என்று பெயர். அவ்வழியே நாள்தோறும் செல்வோருள், அப்பெயர் திரைப்படத்திலிருந்து வந்தது என்று எண்ணுவோரும் இருக்கக்கூடும்.