காருக்குக் கவசமா, மேட்டுக்கு வடிவமா?

ஸ்போர்ட்ஸ் கார்களின் அடிப்பாகம் தரையை ஒட்டித் தாழ்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது வெறும் அழகுக்காக அன்று. ஈர்ப்பு மையம் தாழ்ந்திருந்தால், வளைவில் வேகமாகத் திரும்பும்போது கார் சாய்வது குறையும். ஆனால் செங்குத்தான வேகத்தடைமீது ஏறும்போது இதே தாழ்வு வினையாகி விடுகிறது. எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி மேட்டில் மோதி விரிசல் கண்டால் எண்ணெய் ஒழுகிவிடும். மசகின்றி எஞ்சின் இறுகி நின்றுவிடும்.

அடியில் ஒரு தகட்டைப் பொருத்தினால் போதாதா என்பீர்கள். சில சமயம் அது தேவையே. 2013இல் அமெரிக்காவில் சாலையில் கிடந்த உலோகப் பொருள்கள் அடியில் மோதியதால் டெஸ்லா மாடல் எஸ் மின்சாரக் கார்கள் இரண்டு தீப்பற்றின. அந்த நிறுவனம் 2014 மார்ச்சில் டைட்டானியத் தகட்டையும் அலுமினியத் தகடுகளையும் அடிக்கவசமாகச் சேர்த்தது. எதிர்பாராமல் வரும் மோதலுக்கு இது தக்க காப்பு.

ஆனால் நாமே கட்டி வைக்கும் மேட்டுக்கும் கவசமே விடை என்பதை நான் ஏற்கவில்லை. ஒரு சதுர மீட்டர் பரப்பும் 3 மி.மீ. தடிப்பும் உள்ள எஃகுத் தகடு சுமார் 23 கிலோ இருக்கும். அலுமினியமானால் 8 கிலோ. எடை ஏறினால் எரிபொருள் செலவும் ஏறும். தகடு உரசலைத் தாங்குமேயன்றித் தடுக்காது. தன் தடிப்பளவுக்கு இடைவெளியைக் குறைக்கவும் செய்யும்.

உரசலைத் தடுக்க வல்லது மேட்டின் வடிவமே. இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 1988இல் வெளியிட்ட நெறிமுறையில், 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் வில்லாக, 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் கொண்ட வேகத்தடை பரிந்துரைக்கப்பட்டது. நாணின் வர்க்கத்தை ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் வில்லின் உயரம் ஏறத்தாழக் கிடைக்கும். 3.7ஐக் கொண்டு செய்து பாருங்கள், 10 செ.மீ. வரும்.

இனி, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 2.5 மீட்டர் தொலைவும், அடியில் 12 செ.மீ. இடைவெளியும் உள்ள காரைக் கொள்வோம். நான்கு சக்கரங்களும் மேட்டின்மேல் இருக்கும்போது, நடுவில் மேடு 4.6 செ.மீ. மட்டுமே புடைத்து நிற்கும். மெதுவாகச் சென்றால் கார் உரசாமல் கடந்துவிடும். மாறாக, அரை மீட்டர் அகலத்தில் 15 செ.மீ. உயரத்துக்குக் கட்டிய மேடு சக்கரங்களுக்கு நடுவே வந்தால் தட்டாமல் தப்ப வழியில்லை.

“ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்போர் சிலருக்காகவா சாலையை மாற்றுவது?” எனச் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ஆம்புலன்ஸில் எலும்பு முறிவோடு படுத்திருப்பவரையும், இரவில் ஸ்கூட்டரில் வருபவரையும் அதே மேடுதான் தூக்கிப் போடுகிறது. அவர்களுக்கு எந்தக் கவசத்தைப் பொருத்துவது? பள்ளி வாசலில் வேகத்தடை வேண்டும் என்பதில் ஐயமில்லை. மேற்சொன்ன வில்வடிவ மேடும் வண்டிகளை மணிக்கு 25 கி.மீ. அளவுக்கு மட்டுப்படுத்துவதற்காக வகுக்கப்பட்டதே.

நண்பர்களே, உங்கள் தெருவின் வேகத்தடையைப் பெரியவர் ஒருவரின் துணையோடு, வண்டிகள் வராத நேரத்தில், அளந்து பாருங்கள். அளவு பொருந்தாவிடில் ஊராட்சிக்கோ நகராட்சிக்கோ கணக்கோடு எழுதுங்கள். வெறும் புகாரைவிட அளவோடு கூடிய கடிதத்துக்கு வலிமை மிகுதி.