பெருவிரல் நுனி நிமிர்கிறதா?

கையிலிருந்து நழுவும் கத்தி பெரும்பாலும் நிற்பவரின் காலில்தான் விழும். ஹஜ்ஜுப் பெருநாளன்று குர்பானி இறைச்சியைத் துண்டு போடும்போதும், சமையற்கட்டில் அரிவாள்மனையை எடுத்து வைக்கும்போதும், கண்ணாடிச் சாமான் உடையும்போதும் பாதத்தின் மேற்புறம் வெட்டுப்படுவது நம் இல்லங்களில் அரிதன்று. காயம் சிறியதாகவே இருக்கும். துணியைச் சுற்றிக்கொண்டு ஓடி, இரண்டு தையல் போட்டுத் திரும்பிவிடுகிறோம். சில நாட்களில் தோல் ஆறிவிடுகிறது. அதன் பிறகுதான் பெருவிரல் தொங்குவது கண்ணில் படுகிறது. செருப்பு மாட்டும்போது விரல் உள்ளே மடங்குகிறது. வெறுங்காலுடன் நடந்தால் பாயின் ஓரம் இடறுகிறது.

“நரம்பு அறுந்துவிட்டது” என்கிறோம். நம் பேச்சு வழக்கில் இரத்தக் குழாயும் நரம்புதான். உணர்ச்சியைக் கடத்துவதும் நரம்புதான். தசையை எலும்புடன் பிணைக்கும் கயிறும் நரம்புதான். இங்கே அறுபட்டது அந்தக் கயிறு. தசைநாண் என்பது அதன் பெயர். பெருவிரலை நிமிர்த்தும் தசை கணைக்காலின் முன்புறத்தில் இருக்கிறது. அதன் நாண் கணுக்காலைக் கடந்து, பாதத்தின் மேல் தோலை ஒட்டியே ஓடி, விரலின் நுனி எலும்பில் சென்று பற்றுகிறது. பெருவிரலை உயர்த்திப் பாருங்கள்; கயிறு போல் புடைத்து நிற்பது அதுவே. இவ்வளவு மேலோட்டமாக இருப்பதால்தான் சிறு வெட்டுக்கும் அது இரையாகிறது.

ஆகவே, தையல் போடும் முன்னரே பெருவிரலின் நுனியை நிமிர்த்த முடிகிறதா என்று சோதித்துப் பார்க்குமாறு மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். இதில் ஏமாந்து போக இடமுண்டு. விரலின் அடிமூட்டைத் தூக்குவதற்கென்று வேறொரு சிறிய நாணும் இருக்கிறது. எனவே பெரிய நாண் முற்றிலும் அறுந்த பின்னும் விரல் சற்றே எழும். நுனி மூட்டு மட்டும் தொங்கும். பாதி அறுந்த நாணோ விரலை முழுமையாகவே தூக்கிக் காட்டும். மேலிருந்து அழுத்தினால்தான் வலுவின்மை புலப்படும். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையே மரத்துப் போயிருந்தால், நாணை அடுத்து ஓடும் உண்மையான நரம்பும் வெட்டுப்பட்டிருக்கக்கூடும்.

காயத்தின் மேல் காப்பித் தூளையோ சுண்ணாம்பையோ அப்ப வேண்டாம். சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, காலை உயர்த்தி வைத்து அழைத்துச் செல்லுங்கள்.

அறுவை சிகிச்சை அச்சமூட்டும் அளவுக்குப் பெரிதன்று. காலை மட்டும் மரக்கச் செய்து, காயத்தைக் கழுவி, வேண்டிய அளவு நீட்டித் திறக்கிறார்கள். அறுந்த நாணின் மேல்முனை, இழுத்துவிட்ட ரப்பரைப் போலக் கணுக்கால் பக்கம் சுருங்கிப் போயிருக்கும். அதைத் தேடிப் பிடித்து மறுமுனையுடன் தைக்க வேண்டும். 1973இல் கெஸ்லர் என்பார் விவரித்த, நாணின் இழைகளைக் கவ்விப் பிடிக்கும் தையல்முறை இதற்குப் பெரிதும் கையாளப்படுகிறது. பின்னர் விரல் நிமிர்ந்த நிலையில் சுமார் நான்கு முதல் ஆறு வாரம் மாவுக்கட்டு. ஓட்டமும் கடும் உழைப்பும் ஏறத்தாழ மூன்று மாதங்களுக்குப் பிறகே.

காலம் கடந்து வருவோரின் நிலை வேறு. சுருங்கிய முனைகள் ஒன்றையொன்று எட்டா. மணிக்கட்டிலிருந்தோ காலிலிருந்தோ வேறொரு நாணை எடுத்து ஒட்ட வேண்டும். அல்லது பக்கத்து விரலின் நாணோடு இணைக்க வேண்டும். ஓரிரு நிமிடச் சோதனையைத் தவறவிட்டதற்கு இது பெரிய விலை.

உள்ளங்காலில் கண்ணாடி ஏறினால் அறுபடுவது விரலை மடக்கும் நாண். அது ஆழத்தில் இருக்கிறது. அதனை அவசியம் தைக்க வேண்டுமா என்பதில் அறுவை நிபுணர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. குதிகால் நாண் சிதைந்தவர்களுக்கு இந்த நாணையே எடுத்து மாற்றாகப் பொருத்துகிறார்கள். அவர்களும் நன்றாகவே நடக்கிறார்கள். ஆயினும் விரலால் தரையை உந்தி ஓடும் இளைஞருக்குத் தைப்பதே மேல் என்பது என் கருத்து.

கட்டுப் பிரித்த பின்னர் பலரும் கேட்பது தொழுகையைப் பற்றித்தான். அத்தஹிய்யாத்து இருப்பில் இடது பாதத்தைப் படுக்க வைத்து அதன் மேல் அமரும்போது, மேற்புற நாண் இழுபடுகிறது. வலது பாதத்தை நட்டு விரல்களை மடக்கி ஊன்றும்போதும், ஸுஜூதில் விரல்களை ஊன்றும்போதும், உள்ளங்கால் நாண் இழுபடுகிறது. ஆகவே எந்தக் காலில், எந்தப் பக்கம் தையல் என்பதைப் பொறுத்தே ஆபத்து அமைகிறது. நோயாளிக்கு மார்க்கம் தந்துள்ள சலுகையைப் பயன்படுத்தி, மருத்துவர் அனுமதிக்கும் வரை நாற்காலியில் அமர்ந்தே தொழுங்கள். கட்டு இருக்கும் நாட்களில் ஒளுச் செய்யும் முறையை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டறிந்துகொள்ளுங்கள். கட்டை நனைக்க மட்டும் வேண்டாம்.