மாட்டின் கண்ணும் கண்தானே!

கால்நடைக் கண் மருத்துவ வல்லுநர்களின் மாநாடுகளில் கண்ணுக்குள்ளேயே செய்யப்படும் அறுவைச் சிகிச்சைக்குத் தனி இடம் உண்டு. நாய்க்குக் கண்புரை விழுந்தால் புரையை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் பொருத்துகிறார்கள். இதைக் கேள்விப்படும் சிறு விவசாயி, "இதெல்லாம் வசதி படைத்தவர் வீட்டுப் பிராணிகளுக்கு, நம் உழவு மாட்டுக்கு இதனால் என்ன பயன்?" என்று கேட்பது இயல்பே. கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் பயன் ஒன்றுமே இல்லை என்று தள்ளிவிடுவதற்கில்லை.

1949-ல் லண்டனில் ஹெரால்டு ரிட்லி என்ற டாக்டர் மனிதக் கண்ணில் முதன்முதலாகச் செயற்கை லென்ஸ் வைத்தார். 1967-ல் அமெரிக்க டாக்டர் சார்லஸ் கெல்மன், புரையை நுண்ணிய அதிர்வால் உடைத்து உறிஞ்சி எடுக்கும் முறையைக் கண்டார். இவ்விரண்டும் பின்னர் நாய்களுக்கும் வந்து சேர்ந்தன. இதற்கு விலை உயர்ந்த இயந்திரம் வேண்டும். முழு மயக்க மருந்து வேண்டும். பிறகு வாரக்கணக்கில் நாள்தோறும் பலமுறை சொட்டு மருந்து விட வேண்டும். கட்டுத்தறியில் நிற்கும் மாட்டுக்கு இது கட்டுப்படியாகாது.

ஆனால் மாட்டுக்குத் தேவையான கண் அறுவை வேறொன்று இருக்கிறது. மாட்டின் வயிற்றறையில் 'செட்டேரியா' என்ற வெள்ளைப் புழு வாழ்வதுண்டு. அதன் குஞ்சுகள் இரத்தத்தில் கலந்து, கொசுக்கடியால் பிற கால்நடைகளுக்குப் பரவுகின்றன. சில சமயம் அப்புழு வழி தவறிக் கண்ணுக்குள் புகுந்துவிடுகிறது. குதிரைகளில் இது கூடுதல். மாடு, எருமைகளிலும் காணப்படுகிறது. உற்றுப் பார்த்தால் வெள்ளை நூல் போல் கண்ணுக்குள் நெளிவது தெரியும். கண்ணில் நீர் வடியும். மாடு வெளிச்சத்துக்குக் கூசும். நாளடைவில் கருவிழி நீலம் பாய்ந்து பூ விழுந்துவிடும்.

புழுவை மருந்தால் உள்ளேயே கொன்றால், செத்த புழு கண்ணைப் புண்ணாக்கக்கூடும். ஆகவே வெளியே எடுப்பதே நல்லது. மாட்டை அசையாமல் கட்டி, கண்ணை மரத்துப் போகச் செய்து, கருவிழியின் ஓரத்தில் சிறு துளையிட்டால், கண்ணுக்குள் இருக்கும் நீரோடு புழுவும் வெளியே வந்துவிடும். இதுவும் கண்ணுக்குள் செய்யும் அறுவைதான். ஆனால் பெரிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. பயிற்சி பெற்ற கையும், காலம் தவறாமையுமே தேவை.

காலம்தான் பல மாடுகளின் கண்ணைக் கெடுக்கிறது. கண்ணில் நீர் வடிந்தவுடன் புகையிலைச் சாற்றைப் பிழிவதும், உப்பை மென்று ஊதுவதும் இன்னும் சில ஊர்களில் நடக்கின்றன. இவற்றால் புண் ஆழமாகிறதே தவிர ஆறுவதில்லை. கடையில் கேட்டு வாங்கிப் போடும் களிம்பும் ஆபத்தே. அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால், கருவிழியில் உள்ள புண் மேலும் முற்றிவிடும். கடைசியில் வைத்தியரிடம் ஓட்டிச் செல்லும்போது கண்ணையே எடுக்க வேண்டிய நிலை வந்துவிடுகிறது. ஒற்றைக் கண் மாட்டுக்குச் சந்தையில் என்ன விலை கிடைக்கும் என்பதை விவசாயிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எந்த அறுவையாலும் தீராத குருடும் உண்டு. வறட்சிக் காலத்தில் வெறும் வைக்கோலையே தின்று வளரும் கன்றுக்கு வைட்டமின் ஏ குறைந்து முதலில் மாலைக்கண் வரும். கவனியாது விட்டால் பார்வை அடியோடு போய்விடும். நாள்தோறும் ஒரு கை அகத்திக்கீரையோ பசும்புல்லோ போட்டு வந்தால் இதைத் தடுக்கலாம். தொழுவத்தருகே சாக்கடை நீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால் கொசுவும் குறையும், கண்ணுக்குள் புழு வருவதும் குறையும்.

வல்லுநர்கள் கூடிப் பேசுவது நல்லதே. ஆனால் அந்த அறிவு நகரத்து மருத்துவமனையோடு நின்றுவிடலாகாது. நாயின் கண்ணுக்கு ஒதுக்கும் நேரத்தில் ஒரு பங்கை உழவு மாட்டின் கண்ணுக்கும் மாநாடுகள் ஒதுக்க வேண்டும். ஒவ்வொரு தாலுக்கா கால்நடை மருத்துவமனையிலும் கண்புழு எடுக்கப் பயிற்சி பெற்ற டாக்டர் ஒருவராவது இருக்க வேண்டும். அதற்கான கருவிகளும் இருக்க வேண்டும். இது அரசின் பொறுப்பு.

விவசாயியின் பொறுப்பும் ஒன்று உண்டு. மாட்டின் கண்ணில் நீர் வடிந்தால் மறுநாளே டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். நுகத்தடியில் பூட்டிய மாடு கண் தெரிந்து நடந்தால்தான் சால் நேராக ஓடும்.