எச்.டி என்று எழுதினால் எச்.டி ஆகிவிடுமா?

புதுமடம், மண்டபம் பக்கம் ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், ஆண்டெனா கதை சொல்வார்கள். 1982ல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கிய பிறகு, இந்தக் கடற்கரை ஊர்களில் உயரமான கம்பத்தில் ஆண்டெனா கட்டி, இலங்கைப் பக்கம் திருப்பி வைத்துப் படம் பார்த்த காலம் அது. ஒருவர் மாடியில் நின்று திருப்ப, இன்னொருவர் கீழிருந்து "இன்னும் கொஞ்சம்... போதும் போதும்!" என்று கத்துவார். திரையில் புள்ளி மழை பெய்தாலும் யாரும் குறை சொல்லவில்லை. அந்தப் படத்துக்கு யாரும் மாதச் சந்தா கட்டவில்லையே!

இன்று 43 இன்ச் டிவி, எச்.டி பாக்ஸ், அதற்குத் தனிக் காசு. ஆனால் கிரிக்கெட்டில் பந்து ஓடினால் புல்தரை பச்சை பெயின்ட் மாதிரி குழைகிறது. ஏன்?

எச்.டி என்றால் 1920 x 1080, அதாவது சுமார் 20 லட்சம் புள்ளிகள். சுருக்காமல் அனுப்பினால் வினாடிக்குச் சுமார் 1500 மெகாபிட் வேண்டும். அதனால் சுருக்கித்தான் அனுப்புகிறார்கள். அது தப்பில்லை. எவ்வளவு சுருக்குகிறார்கள் என்பதுதான் கேள்வி. டிஜிட்டல் கேபிளில் ஒரு 8 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை, 64 க்யூஏஎம் முறையில், சுமார் 38 மெகாபிட் கொள்ளும். நாலு எச்.டி சேனல் போட்டால் ஆளுக்கு 9.5. பத்து சேனல் திணித்தால் 3.8 தான்! புள்ளிகளின் எண்ணிக்கை குறையாது, பெயரும் எச்.டி தான். உள்ளே இருக்கும் சரக்குதான் குறைகிறது.

ஒரு விஷயம். எல்லாப் பழியையும் தெருவில் வயர் இழுக்கும் கேபிள்காரர் மேல் போடக்கூடாது. முதலில் பாக்ஸிலிருந்து டிவிக்கு எச்டிஎம்ஐ கேபிள் போகிறதா பாருங்கள். மஞ்சள்-சிவப்பு-வெள்ளை வயர் என்றால் எச்.டி வரவே வராது. படம் உறைந்து கட்டம் கட்டமாக உடைந்தால் பெரும்பாலும் லைன் கோளாறு. கடல் காற்றில் கனெக்டர் துருப்பிடிப்பது இங்கே சகஜம். ஆனால் படம் நிற்காமல் ஓடி, அசைவு வரும்போது மட்டும் குழைந்தால், அது சுருக்கியவர்களின் வேலை. சேனல்களைச் சுருக்கி அடுக்குவது மேலே உள்ள கட்டுப்பாட்டு அறை, தெரு ஆபரேட்டர் இல்லை.

"கேபிளே மலிவு, இதில் தரம் வேறயா?" என்பார்கள். 2011ல் அரசு கேபிள் 70 ரூபாய்க்கு வந்தபோது ஏழை வீட்டுக்கும் டிவி போனது, நல்ல விஷயம். ஆனால் எச்.டிக்குத் தனியாகப் பணம் கட்டுபவர் மலிவு கேட்கவில்லையே! 2019ல் அமலுக்கு வந்த டிராய் கட்டண முறையில், அடிப்படைக் கட்டணத்துக்கான 100 சேனல் கணக்கில் ஒரு எச்.டி சேனல் இரண்டு சாதாரண சேனலாக எண்ணப்பட்டது. பில்லில் இரண்டு மடங்கு இடம். வயரில்?

ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டில்கூட நிகர எடை அச்சிட வேண்டும், சட்டம் அப்படி. பத்து கிராம் குறைத்தால் வாங்குபவருக்குத் தெரியும். எச்.டி சேனலுக்கும் சராசரி மெகாபிட்டை பில்லில் போடட்டும். நல்ல படம் வேண்டுபவர் பார்த்து வாங்குவார், வேண்டாதவர் சாதாரண சேனலோடு காசை மிச்சம் பிடிப்பார்.

மொபைல் டேட்டா உள்ள இளசுகள் இணையத்துக்குப் போய்விடுவார்கள். கேபிளையே நம்பியிருக்கும் வீட்டுப் பெரியவர்கள்தான் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்க்கிறார்கள். கோளாறு கண்ணில் இல்லை என்று அவர்களிடம் யாராவது சொல்லுங்களேன்!